ஜப்பானில் வழி கேட்பது சுலபம், பதில்தான் பாடம்

என் அக்கா மகள் தருமபுரியிலிருந்து ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகத் தயாராகிறாள். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட திறன் பணியாளர் ஒப்பந்தத்தில் இந்த வேலையும் வருகிறது. போன வாரம் போனில், “மாமா, வழி கேக்கறதெல்லாம் மனப்பாடம். அவங்க பதில் சொன்னா ஒண்ணும் புரியல. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வழி தெரியாம நின்னா என்ன பண்றது?” என்றாள். அவளுக்காக எடுத்த குறிப்புகளே இது.

கேள்வி எளிது. ‘எகி வா தோகோ தெஸ் கா?’ எகி என்றால் ரயில் நிலையம், தோகோ என்றால் எங்கே. (‘எகி’யில் வரும் க-வை ‘கடை’யில் வரும் க மாதிரி சொல்லணும்.)

இனி பதில்: ‘ட்ஸுகி நோ ஷிங்கோ ஓ மிகி நி மகத்தே குதசாய்.’ சொல்லுக்குச் சொல் தமிழில் போட்டால்: அடுத்த சிக்னலை வலப்பக்கமாகத் திரும்பித் தாங்க. வரிசை அப்படியே நம்முடையது, வினை கடைசியில். நாம் ‘சிக்னல்ல’ என்போம், அவர்கள் ‘சிக்னலை’ என்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கிலம் வழியாகப் படித்தால் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். தமிழிலேயே யோசித்தால் கேட்கக் கேட்க புரியும். இதை வைத்து ரெண்டு மொழியும் சொந்தம் என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. சொந்தமோ இல்லையோ, படிக்க உதவுது.

சிக்கல் எங்கே? நமக்கு இங்கே, அங்கே என்று ரெண்டுதான். அவர்களுக்கு மூணு: கோகோ (இங்கே), சோகோ (கேட்பவர் பக்கம்), அசோகோ (ரெண்டு பேருக்கும் தூரத்தில்). தமிழிலும் ஒரு காலத்தில் இ, அ இரண்டுக்கும் நடுவில் உ இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘உங்கை’, ‘உந்த’ என்பார்கள். சோகோவை அந்த ‘உ’வாக நினைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

அடுத்து, காதில் விழ வேண்டிய சொற்கள்: மஸ்ஸுகு – நேரா, ஹிதாரி – இடது, கதோ – முக்கு, தொனாரி – ஒட்டின பக்கம், ட்ஸுகியதாரி – ரோடு போய் முட்டுற இடம். ‘தெமாஏ’தான் ஆளைக் கவிழ்க்கும். ‘வங்கிக்கு தெமாஏ’ என்றால் வங்கி வாசலில் இல்லை, வங்கிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாடியே. தாண்டிப் போகணும் என்றால் ‘முகோ’.

தெருப் பெயரை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி என்பது பேட்டை, பிளாக், வீட்டு எண். அதனால் வழி சொல்பவர்கள் சிக்னல், கடை, பாலம் என்று அடையாளம் வைத்தே சொல்வார்கள். நம்ம நாலு ரோட்டில் நின்று வழி கேட்டுப் பழகியவளுக்கு இது புதுசில்லை.

‘பென்னாகரம் ரோட்ல மேக்கால போங்க’ என்கிற நம்ம பேச்சுக்குக்கூட அங்கே துணை உண்டு. மேற்கு ‘மேல்’ என்பதிலிருந்தும், கிழக்கு ‘கீழ்’ என்பதிலிருந்தும் வந்தவை. நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலுக்கு இறங்குகிறது. கியோட்டோ முகவரிகளில் வடக்கே போவது ‘அகரு’, அதாவது ஏறுவது. தெற்கே போவது ‘சகரு’, இறங்குவது.

கடைசியாக அவளுக்குச் சொன்னது: எல்லாம் புரிய வேண்டியதில்லை. கேட்டதில் ஒரு சொல்லைப் பிடித்து, ‘மிகி தெஸ் நே?’ என்று திருப்பிக் கேள். ‘வலது பக்கம்தானுங்களே?’ என்பதுதான் அது. தப்பாகப் புரிந்திருந்தால் அவர்களே திருத்துவார்கள். அப்படியும் புரியலைன்னா, ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் ‘கோபான்’ எனும் சின்ன போலீஸ் சாவடி இருக்கும். அங்கே வழி கேட்பது ரொம்ப சகஜம்.

“தானுங்களே-ன்னு சொன்னீங்கள்ல மாமா, அது மறக்காது” என்றாள்.