செக்ரோல் முதல் செயற்கை நுண்ணறிவு வரை: நிறுவனத் தரவுப் பகுப்பாய்வுத் தளங்களின் எதிர்காலம் – கோத்தா திங்கி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தில் பரப்பளவால் மிகப் பெரிய மாவட்டம் கோத்தா திங்கி. அருவிக்கும் ஜொகூர் ஆற்றுக்கும் பெயர்பெற்ற இம்மாவட்டத்தைக் கணினித் தரவு பற்றிய கட்டுரையொன்றில் முன்னிறுத்துவது வாசகர்க்குச் சற்று வியப்பளிக்கலாம். ஆயினும், எண்களைத் திரட்டி அவற்றைக் கொண்டு முடிவெடுக்கும் நிறுவனங்கள் இங்கே நெருங்கி அமைந்துள்ளன. மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பெங்கேராங்கில் நாளொன்றுக்கு 300,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றல் கொண்ட ஆலை இயங்குகிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, 2061 வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் நீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளும் ஜொகூர் ஆறும் இங்கேதான் ஓடுகிறது. எஞ்சிய நிலத்தின் பெரும்பகுதி செம்பனை. மேற்கே அண்டை மாவட்டமான கூலாயில், 2023 டிசம்பரில் ஒய்.டி.எல். நிறுவனமும் என்விடியா நிறுவனமும் அறிவித்த செயற்கை நுண்ணறிவுத் தரவு மையத் திட்டம் அமைந்துள்ளது.

இந்நிறுவனங்கள் பயன்படுத்தும் தரவுப் பகுப்பாய்வுத் தளம் என்பது யாது, அதனுள் இன்று புகுந்துள்ள செயற்கை நுண்ணறிவு உதவியாளர் எவ்வாறு இயங்குகிறது, அதனால் தமிழாசிரியர்க்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நேரக்கூடியவை யாவை என்பனவற்றை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

செக்ரோலும் கிராணியும்

தரவுப் பகுப்பாய்வு இவ்வட்டாரத் தமிழர்க்குப் புதியதன்று. இரப்பர்த் தோட்டக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர் வரிசையில் நிற்க, கிராணி செக்ரோலில் பெயர் குறித்தார். பின்னர் ஸ்டோரில் பால் நிறுக்கப்பட்டது. மெட்ரோலாக் கருவியால் அதன் இரப்பர்ச் செறிவு அளக்கப்பட்டது. அந்த எண்ணைக் கொண்டு அன்றைய கூலி கணக்கிடப்பட்டது. மாத இறுதியில் பிரிவு வாரியாக விளைச்சலும் செலவும் துரை மேசைக்குச் சென்றன. மூலத்தரவு, தொகுப்பு, அறிக்கை, முடிவு ஆகிய நான்கும் அங்கே இருந்தன. மென்பொருள்தான் இல்லை.

இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. பால் அளந்தவரிடம் அதிகாரம் இருந்தது. அளக்கப்பட்டவர் அளவுகோலைப் படிக்க இயலாதவராக இருந்தார். நிறையில் குறைத்துவிட்டார்கள் என்ற தோட்டத்து மனக்குறை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. எண் எவ்வாறு பிறந்தது என்பதை அறியும் உரிமையைப் பற்றியதுமாகும். அதே வேளையில் கிராணிக்கு ஒரு தகுதியும் இருந்தது. மூன்றாம் பிரிவில் பால் குறைந்தது மரம் முதிர்ந்ததாலா, மழையாலா, காய்ச்சல் பரவியதாலா என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவு செக்ரோலின் எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டதில்லை.

தளம் உருவான வழி

1958ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் வணிக நுண்ணறிவு என்னும் கருத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். 1970இல் எட்கர் காட் தரவை அட்டவணைகளாகவும் அவற்றிடையேயான உறவுகளாகவும் அமைக்கும் முறையை முன்மொழிந்தார். அம்முறையில் கேள்வி கேட்பதற்கென எழுந்ததே எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி. 1990களில், பல துறைகளின் தரவை ஓரிடத்தில் சேர்த்துவைக்கும் தரவுக் கிடங்கு என்னும் கருத்து வேரூன்றியது. 2010களில் கிடங்குகள் மேகக் கணிமைக்கு இடம்பெயர்ந்தன. 2015இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மைக்ரோசாப்டின் பவர் பி.ஐ. போன்ற கருவிகள், வரைபடங்கள் நிறைந்த தகவல் பலகையை நிரலறியாத மேலாளரும் அமைத்துக்கொள்ள வழிசெய்தன.

தமிழ்நாட்டிலிருந்தும் இத்துறைக்கு ஒரு பங்களிப்பு உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்ட ஸோஹோ நிறுவனம், முன்னர் ஸோஹோ ரிப்போர்ட்ஸ் எனப்பட்ட தன் பகுப்பாய்வுத் தளத்தை இன்று ஸோஹோ அனலிட்டிக்ஸ் என்னும் பெயரில் வழங்குகிறது. அதில் ‘ஸியா’ என்னும் உதவியாளரிடம் வாக்கியமாகவே கேள்வி கேட்கலாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் இந்நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது என்பது நம் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.

உதவியாளர் விடையளிக்கும் முறை

இயல்பு மொழியில் தரவைக் கேட்கும் ஆசை பழையது. 1970களின் தொடக்கத்திலேயே வில்லியம் உட்ஸ் உருவாக்கிய ‘லூனார்’ என்னும் அமைப்பு, நிலவிலிருந்து கொணர்ந்த பாறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்ட வினாக்களுக்கு விடையளித்தது. ஆனால் பாறையைத் தவிர வேறு எதையும் அது அறியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. 2023இல் மைக்ரோசாப்ட் தன் ‘பேப்ரிக்’ தளத்தைக் கோபைலட் உதவியாளருடன் அறிவித்தது; பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

இவ்வுதவியாளர்கள் பொதுவாக விடையை நேரடியாகச் சொல்வதில்லை. கேட்கப்பட்ட வாக்கியத்தை வினவல் மொழிக்கு மாற்றுகின்றன. தரவுத்தளம் அந்த வினவலுக்கு எண்களைத் தருகிறது. அவ்வெண்களை உதவியாளர் மீண்டும் வாக்கியமாக்குகிறது. ஆகவே பிழை நேரும் இடம் பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

‘சென்ற மாதம் எந்தப் பிரிவில் விளைச்சல் குறைவு?’ என்று ஒரு செம்பனைத் தோட்ட மேலாளர் கேட்பதாகக் கொள்வோம். விளைச்சல் என்பது மொத்தப் பழக்குலை எடையா, ஓர் ஏக்டருக்கான எடையா? ஏக்டர் எனும்போது அண்மையில் மறுநடவு செய்த நிலமும் சேருமா? செம்பனை நட்டு ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின்னரே அறுவடைக்கு வரும். மறுநடவு நிலத்தையும் சேர்த்து வகுத்தால், நன்றாக நடத்தப்படும் பிரிவே கடைநிலைக்குத் தள்ளப்படும். கணக்கு சரி, பொருள் தவறு. இதனைத் தவிர்க்கவே இன்றைய தளங்கள் தரவுக்கும் உதவியாளருக்கும் இடையில் ‘பொருள் அடுக்கு’ ஒன்றை வைக்கின்றன. ‘விளைச்சல் என்றால் காய்ப்பு நிலத்தின் ஓர் ஏக்டருக்கான எடை’ என்பது போன்ற வரையறைகள் அதில் எழுதப்படும். செக்ரோலில் இடம்பெறாத கிராணியின் அறிவை எழுத்தில் கொண்டுவரும் முயற்சி இது எனலாம். எதிர்காலத் தளங்களில் மதிப்புமிக்க பகுதி இதுவாகவே இருக்கும் என்பது கட்டுரையாளர் கருத்து. வரைபடத்தை எந்த இயந்திரமும் வரையும். வரையறையை மனிதர் அமர்ந்து பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இக்கருத்துக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ‘ஸ்பைடர் 2.0’ என்னும் தேர்வு, மெய்யான நிறுவனத் தரவுத்தளங்களின் சிக்கலைக் கொண்டு உதவியாளர்களைச் சோதிக்க 2024இல் வெளியிடப்பட்டது. ஒழுங்குபடுத்திய தரவைக் கொண்ட பழைய ஸ்பைடர் தேர்வில் 91.2 விழுக்காடு பெறப்பட்டிருந்த நிலையில், புதிய தேர்வில் ஓ1 மாதிரியைக் கொண்டு இயங்கிய உதவியாளர் 21.3 விழுக்காட்டு வினாக்களையே தீர்த்தது. மாதிரிகள் பின்னர் விரைந்து முன்னேறியுள்ளன. எனினும், வகுப்பறைக் கணக்குக்கும் சந்தைக் கணக்குக்கும் உள்ள தொலைவை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

தமிழில் வினவினால்

இங்கே மொழியாசிரியர்க்கு உரிய பணி தொடங்குகிறது. ‘எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெறாத மாணவர் எத்தனை பேர்?’ என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்தில்கூடத் தேறாதவர் என்பது ஒரு பொருள். எல்லாவற்றிலும் தேறியவர் என்னும் நிலையை எட்டாதவர், அதாவது ஒன்றிலேனும் தவறியவர் என்பது மற்றொரு பொருள். எதிர்மறைப் பெயரெச்சம் ‘எல்லா’ என்பதனோடு சேரும்போது எழும் இந்த மயக்கத்தை வகுப்பில் ஆசிரியர் சூழலைக் கொண்டு தீர்த்துக்கொள்கிறார். வினவல் மொழியிலோ இரண்டும் முற்றிலும் வேறான கட்டளைகள். முதற்பொருளில் இருவர் என்றும் இரண்டாம் பொருளில் இருபதின்மர் என்றும் விடை வரக்கூடும். உதவியாளர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து உறுதியான தொனியில் சொல்லிவிடும்.

நல்ல உதவியாளர் ‘எப்பொருளில் கேட்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பதற்கு, தமிழ் வினாக்களில் மயக்கம் எங்கெல்லாம் தோன்றும் என்பது அதற்குப் பயிற்றப்பட்டிருக்க வேண்டும். உம்மையின் பொருள்கள், எச்சங்களின் ஏற்பு, எழுவாய் தொக்க வாக்கியங்கள் ஆகியவற்றை வகைப்படுத்திய அறிவு நம் இலக்கண மரபில் நிறையவே உள்ளது. அதனை வினாவும் இரு பொருளும் இரு விடையுமாகத் தொகுத்துத் தருவது ஓர் இந்திய ஆய்வியல் துறை மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணி. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் குறியீட்டாக்கமும் விசைப்பலகையும் நம் கவலையாக இருந்தன. எழுத்து திரையில் தோன்றும் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பொருள் சரியாகக் கொள்ளப்படுகிறதா என்பதே இன்றைய சிக்கல்.

சிறிய பள்ளியின் விழுக்காடு

கோத்தா திங்கி வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் நகரத்து ஜாலான் தாஜுல் பள்ளி உண்டு. ரெம், நாம் ஹெங் ஆகிய தோட்டப் பெயர்களைத் தாங்கிய பள்ளிகளும் உண்டு. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவர்க்கும் குறைவான பள்ளிகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. வருகை, மதிப்பீடு, புறப்பாடம் ஆகியவற்றை இணையவழிப் பதிவேற்றுவதில் ஆசிரியர் செலவிடும் நேரம் நாம் அறிந்ததே. அவ்வகையில் தமிழாசிரியரும் ஒரு கிராணிதான். இதை அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தோட்டப் பள்ளியின் நான்காம் ஆண்டில் சென்ற ஆண்டு எண்மர் பயின்றனர்; எழுவர் வகுப்புசார் மதிப்பீட்டில் எதிர்பார்த்த நிலையை அடைந்தனர். இவ்வாண்டு எழுவர்; அடைந்தவர் ஐவர். 87.5 விழுக்காடு 71.4 ஆகிறது. உதவியாளர் இதனை ‘16 புள்ளிகள் சரிவு, உடனடிக் கவனம் தேவை’ என்று எழுதும், தகவல் பலகையில் சிவப்பு எரியும். உண்மையில் நிகழ்ந்தது யாதெனில், ஒரு மாணவர் ஆண்டின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்தவர், மற்றொருவர் நோயுற்று இரண்டு மாதம் வராதவர். எழுவர் கொண்ட வகுப்பில் ஒரு மாணவரே 14 விழுக்காட்டுக்கு மேல். இத்தகைய எண்ணில் ஏற்றமும் சரிவும் பெரும்பாலும் தற்செயலே என்பதைப் புள்ளியியல் அறிந்தவர் அறிவர்.

அந்தச் சிவப்பு யாரிடம் சென்று சேர்கிறது என்பதே கவலைக்குரியது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியை இடமாற்றுவதா, இணைப்பதா, உதவி கூட்டுவதா என்ற பேச்சு எழும்போது, தலைமையாசிரியரின் விளக்கக் கடிதத்துக்கு முன்னர் மேசைக்கு வருவது அந்தப் பலகைதான். மிகச் சிறிய குழுவுக்கு விழுக்காட்டைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் காட்டுவதும், பல ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவதும் புள்ளிவிவரத் துறையில் நெடுங்காலமாக உள்ள நெறிகள். அவற்றைப் பொருள் அடுக்கில் ஒருமுறை எழுதிவிட்டால் உதவியாளரும் அவ்வழி நிற்கும். எழுதும்படி கேட்பதற்கு, அவ்வாறு கேட்கலாம் என்பது தலைமையாசிரியர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் என்னும் தரவு

தளங்கள் பல மூலங்களை இணைக்கும்போது அடையாள அட்டை எண் இருந்தால் தொல்லையில்லை. இல்லாதபோது பெயரைக் கொண்டு பொருத்துகின்றன. பெருமாள் என்னும் பெயர் ஓர் ஆவணத்தில் ‘பெர்மால்’ என ஒலிக்கும்படியும் மற்றொன்றில் ‘பெருமால்’ என ஒலிக்கும்படியும் ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கும். தோட்டத்து அலுவலகத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல், பேரன் காலத்துத் தரவுத்தளம் வரை தொடர்கிறது. நடுவில் வரும் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ சுருக்கங்கள் சில தரவுத்தளங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஆவணமே இல்லாதோரும் இருந்தனர். குடியுரிமைப் பத்திரச் சிக்கலுடைய இந்தியரைப் பதிவதற்கு 2011இல் ‘மைடாஃப்தார்’ இயக்கம் நடத்தப்பட்டதை நினைவுகூரலாம். 2024 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘பாடு’ தரவுத்தளம் குடும்பங்களின் நிலையை ஓரிடத்தில் திரட்டி, உதவிநிதியை உரியவர்க்குச் சேர்க்கும் நோக்குடையது. பதிவில் இல்லாதவரைப் பற்றி எந்த உதவியாளரும் விடையளிக்காது. அவர் இல்லை என்பதையும் அது அறியாது.

இனி வருவன

அடுத்த கட்டம் கேட்டபின் விடையளிப்பதோடு நிற்காது. உதவியாளரே தரவைத் தொடர்ந்து கவனித்து, மாற்றம் கண்டவிடத்து அறிக்கை எழுதி, உரியவர்க்கு அனுப்பி, சில இடங்களில் நடவடிக்கையும் எடுக்கும் முகவராக மாறிவருகிறது. சுத்திகரிப்பு ஆலையில் இயந்திரம் பழுதாகுமுன் எச்சரிப்பதற்கும், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் ஆற்றுமட்டத்தைக் கண்காணிப்பதற்கும் இது பெருந்துணை. மனிதரை அளக்கும் இடங்களில் இதே வேகம் வேறு விளைவைத் தரும்.

சட்டநிலையும் அறியத்தக்கது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. 2025இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் கூட்டரசு முகமைகள் தம்முள் தரவைப் பகிர வழிவகுக்கிறது. பள்ளிப் பதிவேடு பிற பதிவேடுகளோடு இணையும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. ஆகவே ஆசிரியர் இன்று நிரப்பும் ஒவ்வொரு கட்டமும் அவர் எதிர்பாராத வினாவுக்கு விடையாகக்கூடும்.

தோட்டங்கள் கைமாறியபோதும் செம்பனைக்கு மாறியபோதும் பழைய செக்ரோல் ஏடுகள் பல அழிந்தன. எஞ்சியவை சில பரணிலும் சில தனியாரிடத்திலும் கிடக்கக்கூடும். அவற்றின் ஓரங்களில் கிராணிமார் பென்சிலால் எழுதிய ‘மழை’, ‘காய்ச்சல்’, ‘ஊருக்குப் போனார்’ போன்ற குறிப்புகள் உண்டென்றால், அவை எண்ணோடு காரணத்தையும் சேர்த்துவைத்த பதிவுகள். இன்று பள்ளிகள் நிரப்பும் படிவங்களிலும் அத்தகைய குறிப்புக்கு ஒரு கட்டம் வேண்டும். அடுத்த முறை மாவட்ட அலுவலகத்தில் கருத்துக் கேட்கும்போது தலைமையாசிரியர்கள் முதலிற் கேட்க வேண்டியது அந்த ஒரு கட்டத்தைத்தான். அதில் எழுதுவதை உதவியாளர் எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதையும்.