கன்சோலில் வாட்டர் பிளாக்: ஸ்க்ரூவைக் கழற்றும் முன் பில்லை வாங்குங்கள்

கேம் கன்சோலுக்கு வாட்டர் பிளாக் (தண்ணீர் ஓட்டிச் சிப்பைக் குளிர வைக்கும் உலோகக் கட்டி) செய்து மாட்டி, போர்டு போன பிறகு யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பில்லைத்தான். பெரும்பாலும் இருக்காது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஒன்று இருக்கும். 'அந்த அண்ணன் நல்லா பண்ணுவாருன்னு ஃப்ரெண்டு சொன்னான்' என்பார்கள். செத்த கன்சோலை அதற்குள் இன்னும் இரண்டு கடைகளில் திறந்து பார்த்திருப்பார்கள். அரை லட்ச ரூபாய்ப் பொருளை இப்படியா கையாள்வது?

இங்கிலாந்தின் மாத்யூ பெர்க்ஸ் 2022-இல் 'டிஐஒய் பெர்க்ஸ்' யூடியூப் சேனலில் பிளேஸ்டேஷன் 5-ஐ இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனுக்குக் கொண்டுவந்து காட்டினார். பிளாக்கைச் செம்புத் தகடுகளில் செய்தார், பவர் சப்ளையைப் பெட்டிக்கு வெளியே வைத்தார். அந்த வீடியோவைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் கோட்டை விடுகிறார்கள்.

நான் அதிகம் பயப்படுவது அலுமினியத்துக்கு. பிளேஸ்டேஷன் 5-இல் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வழக்கமான பேஸ்ட் கிடையாது. காலியம் கலந்த திரவ உலோகம் இருக்கிறது. காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை உதிர வைத்துவிடும். விலை குறைவு, கடைசலுக்கு எளிது என்று லேத் பட்டறையில் அலுமினியக் கட்டியில் பிளாக் செய்து அதே திரவ உலோகத்தின் மேல் உட்கார வைத்தால், சிப்பைத் தொடும் முகம் அரித்துப் போகும், பின்னால் தண்ணீரும் கசியும். திரவ உலோகம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒரு சொட்டு வழிந்தாலும் போர்டு காலி. பிளாக் செம்பில்தான் இருக்க வேண்டும், நிக்கல் பூசியிருந்தால் இன்னும் நல்லது. செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரை ஒரே தண்ணீரில் இணைத்தாலும் அலுமினியம் அரிக்கும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் எதுவும் கூடாது. டிஸ்டில்டு வாட்டரும் அரிப்புத் தடுப்பு மருந்தும் வேண்டும்.

அடுத்தது, நடு சிப்பை மட்டும் குளிர வைத்துவிட்டுத் திருப்திப்படுவது. கம்பெனி ஹீட்சிங்க் மெமரி சிப்களையும் மின்சாரம் பிரிக்கும் பாகங்களையும் தெர்மல் பேட் வழியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். புது பிளாக் அவற்றைத் தொடாவிட்டால் நடு சிப் குளிர்ந்திருக்கும்போதே அவை வெந்துபோகும். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தொழில் தெரியாதவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

இனி சட்டம். வாரண்டி இருக்கும்போது கன்சோல் சூடாகி அணைந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஜாப் ஷீட் வாங்குங்கள். அதில் 'சூடாகி அணைகிறது' என்ற குறையை எழுத வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'செக் பண்ணணும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். 'திறந்தால் வாரண்டி கிடையாது' என்ற ஸ்டிக்கர் செல்லாது என்று 2018-இல் அமெரிக்க வணிக ஆணையம் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உள்ளிட்ட நிறுவனங்களை எச்சரித்ததைச் சிலர் இங்கே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது அமெரிக்கச் சட்டம். ஸ்டிக்கர் கிழிவதும் ஹீட்சிங்கையே மாற்றுவதும் ஒன்றாகாது. நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 87-ஆவது பிரிவில், மாற்றியமைத்த பொருளால் சேதம் வந்தால் விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்கிறது.

ஆனால் காசு வாங்கிக்கொண்டு பிளாக் மாட்டித் தந்தவர் தப்ப முடியாது. நீங்கள் அவரிடம் சேவை பெற்ற நுகர்வோர். அதனால்தான் பில்லுக்காக இவ்வளவு மன்றாடுகிறேன். கன்சோலின் சீரியல் எண், கொடுக்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தது என்ற குறிப்பு, பிளாக் எந்த உலோகம், கசிவுச் சோதனை செய்யப்பட்டதா, எத்தனை மாதம் பொறுப்பு, தொகை எவ்வளவு என்று எல்லாமே பில்லில் இருக்கட்டும். எழுதித் தர மறுக்கிற கடையில் கன்சோலைக் கொடுக்காதீர்கள். பிளாக்கை ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் எழுதுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

கன்சோல் செத்துவிட்டதா? இன்னொரு கடையில் திறக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், திறக்காதீர்கள். வழக்குப் போனால், கோளாறு என்ன என்று பார்க்க நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். நாலு பேர் கைபட்ட போர்டை வைத்து யார் தவறு என்று நிரூபிக்க முடியாது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்து, எண்ணை வாங்கி வையுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். தேதிவாரியாக நடந்ததை எழுதிய மனு, பிரமாணப் பத்திரம், பில், ஜாப் ஷீட், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி, கடித நகல், போஸ்டல் ரசீது எல்லாவற்றையும் பக்க எண் போட்டு இணையுங்கள்.

வழக்கை மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆணைய உறுப்பினர் பதவிகளைக் காலியாகப் போட்டுவைத்து, வாய்தா மேல் வாய்தா கொடுத்தால் அது எப்படி நடக்கும்? அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. அதற்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. 1915-இல் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நின்றுவிடாது. கெடு தாண்டினால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டித் தனி மனு போட வேண்டிவரும். ஆணையம் அதை ஏற்றால்தான் வழக்கு.