பெட்டி தூக்கியவர்கள் - 11: பழைய கோட்டுக்கு ஒரு கடிதம்

சென்ற வாரம் பிரிட்டன் மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற கணக்கில் நிறுத்தினேன். தொண்டு வேறு, சம்பளமில்லாத வேலை வேறு. இரண்டாவதுதான் அந்த 20 மணிக்குள் அடங்கும். மற்றதற்குப் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

லீட்ஸில் முதுகலை படிக்கும் என் அண்ணன் மகள், மக்கள் கொடுக்கும் பழைய பொருட்களை அறக்கட்டளைக்காக விற்கும் ‘சாரிட்டி ஷாப்’ ஒன்றில் தொண்டராகச் சேர்ந்து கல்லாவில் நிற்கும் கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்கு. ஆனால், அவளை இன்னும் கல்லாப் பக்கம் விடவில்லை. முதல் வாரம் முழுக்கப் பின்கட்டுதான்.

“சித்தப்பா, சம்பளம் கிடையாது. ஆனா ஒரு துப்பாக்கி குடுத்திருக்காங்க” என்றாள் போனில். துணியில் பிளாஸ்டிக் இழையைக் குத்தி விலைச்சீட்டைத் தொங்கவிடும் கருவி அது. தையலிலோ லேபிளிலோதான் குத்த வேண்டும். நடுத்துணியில் குத்தினால் ஓட்டை. சீட்டில் எந்த வாரம் தொங்கவிட்டது என்ற குறிப்பும் உண்டு. சில வாரங்களில் விற்காவிட்டால் ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். கடைசியில் கிலோ கணக்கில் கந்தல் வியாபாரிக்கு.

இதையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் பத்தாம் வகுப்பு வயதுப் பையன். எடின்பரோ கோமகன் விருது என்று அங்கே 1956லிருந்து ஒன்று நடக்கிறது. அதன் முதல் படியான வெண்கலத்துக்கே குறைந்தது 3 மாதத் தொண்டு வேண்டும். அதற்காக வந்தவன். பி.டெக். முடித்துவிட்டுப் போனவள், சீனியர் சொல்கிறாரே என்று அவன் பேச்சைக் கேட்டு மூட்டை பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

மூட்டை பிரிக்கும்போதுதான், இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயத்தைச் சொன்னாள். சில பைகளில் பார்கோடு ஒட்டியிருக்கிறதாம். அந்தப் பையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அதே பார்கோடு போக வேண்டுமாம். எதற்கு?

கிஃப்ட் எய்ட். 1990ல் வந்த வரிச்சலுகை. வரி கட்டுகிறவர் அறக்கட்டளைக்கு ஒரு பவுண்டு கொடுத்தால், அரசு தன் பங்காக 25 பென்னி சேர்த்துக் கொடுக்கும். ஏன் 25? கொடுப்பவர் கையில் இருக்கும் ஒரு பவுண்டு, 20 சதவிகித வரி போன பிறகு மிஞ்சியது. வரிக்கு முன் அது 1.25. அந்தக் கால் பவுண்டைத்தான் அரசு அறக்கட்டளையிடம் திருப்புகிறது. தொடக்கத்தில் 600 பவுண்டுக்குக் குறையாத நன்கொடைக்கு மட்டும்தான். அந்த வரம்பு 2000ல் எடுபட்டது.

சிக்கல் இங்கேதான். சலுகை பணத்துக்கு மட்டுமே. பழைய கோட்டுக்குக் கிடையாது. கடைக்கு வருவதோ கோட்டு.

என்ன செய்தார்கள் தெரியுமா? கோட்டைக் கடை வாங்கிக்கொள்வதே இல்லை! கொடுத்தவர் ஒரு படிவத்தில் கையெழுத்திடுகிறார். அதன்படி கோட்டு அவருடையதுதான். கடை அதை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட், அவ்வளவே. 8 பவுண்டுக்குப் போனால் அது அவர் பணம். உடனே கடிதம் போகும்: உங்கள் பொருள் இவ்வளவுக்கு விற்றது, பணம் உங்களுக்கு வேண்டுமா, எங்களுக்கே விட்டுவிடுகிறீர்களா? 21 நாள் பதில் வராவிட்டால் அந்தப் பணம் நன்கொடை ஆகிவிடும். கோட்டு போய்ப் பணம் வந்தாயிற்று. அரசிடம் மேற்கொண்டு 2 பவுண்டு கேட்கலாம். பதிலே போடாமல் இருப்பதற்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த வரிச் சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எளிதாக்க வேறு முறைகளும் பிறகு வந்தன. எனக்கு இந்த 21 நாள்தான் பிடித்திருக்கிறது.

ஆகவே பின்கட்டில் ஸ்டிக்கர் ஒன்று தவறினால், போவது ஸ்டிக்கர் மட்டுமல்ல, கால் பங்குப் பணம். பையன் அவளை இரண்டு தடவை அதட்டியதில் நியாயம் இருக்கிறது.

   

அண்ணிக்கு இந்த வரி நுணுக்கத்தை விளக்கினேன். “பேங்க்ல கடன் வாங்கிப் படிக்கப் போனவ, பழைய துணிக்குச் சீட்டுக் குத்துறாளாக்கும்?” என்றார். பழைய துணிக்குப் பாத்திரம் வாங்கிப் பழகியவர். கொடுத்த துணிக்கு எவர்சில்வர் வராமல் கடிதம் வருகிறது என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை.

இதில் மகளுக்கே ஒரு குட்டு விழுந்தது. ஊரிலிருந்து சுமந்துபோய் ஒரு நாள்கூடப் போடாத கம்பளிச் சட்டை ஒன்றைச் சனிக்கிழமை கடைக்கே கொடுத்திருக்கிறாள். ஆசையாகப் படிவத்தை எடுத்ததும் பையன் கேட்டானாம், “நீங்க இங்க வரி கட்டுறீங்களா?” வருமானமே இல்லாத மாணவி. வரி கட்டாமல் கையெழுத்துப் போட்டால் அந்தக் கால் பங்கை வரித்துறை அவளிடமே கேட்கும். பார்கோடு இல்லாமல் சட்டை ஸ்டாண்டுக்குப் போனது.

வரும் புதன்கிழமை அவளுக்குக் கல்லாப் பயிற்சி. ஐம்பது பென்னி கோப்பைக்குப் பேரம் பேசுகிறவர்களைப் பற்றிப் பையன் இப்போதே எச்சரித்து வைத்திருக்கிறான். அது அடுத்த வாரம். பேரத்துக்கு நடுவே வேறு ஏதும் வரிச் சட்டம் குறுக்கிடாவிட்டால்.