நிலாவாரை வேலை செய்ய ஏன் ஓர் இரவு ஆகிறது?

நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைப் பொடி என்று நாம் கேட்டு வாங்குவதைத்தான் யுனானி ஹகீம்கள் சனா என்கிறார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் விளைந்து வெளிநாடுகளுக்குப் போகும் சரக்கு இது. உலகச் சந்தையில் இதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். பேதிக்கு ஷுப்ரும் என்ற கடுமையான செடியைப் பயன்படுத்தி வந்த அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள், அது சூடானது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன பின் சனாவுக்கு மாறியதாகத் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு.

இலையிலுள்ள மருந்துச் சத்து சென்னோசைடு. மருந்துக் கடைகளில் விற்கும் பல மலமிளக்கி மாத்திரைகளில் இருப்பதும் இதுவே. இதனோடு சர்க்கரை ஒட்டியிருப்பதால் இரைப்பையும் சிறுகுடலும் இதைச் செரிப்பதில்லை. பெருங்குடலை அடைந்த பிறகே அங்கு வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைக் கழற்றி, இதை ரெய்ன் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. அது குடலின் அசைவைத் தூண்டுகிறது. மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிவிடாமல் தடுக்கிறது. இதற்கெல்லாம் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்வது அதனால்தான். 'ஒன்றும் கேட்கவில்லையே' என்று இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் கரைத்துக் குடித்தால், விடியும்போது வயிறு முறுக்கி எடுத்துவிடும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம் சென்னோசைடு போதும். ஏறத்தாழ ஒரு கிராம் இலைப் பொடியிலேயே அது கிடைத்துவிடும். தேக்கரண்டி நிறைய அள்ளினால் அளவு மிஞ்சும். மாத்திரையில் அளவு அச்சிட்டிருக்கிறது, பொட்டலத்தில் இல்லை.

வீட்டிலுள்ள முதியவர்கள் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். நாள்தோறும் பேதியானால் உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஏற்கெனவே அது குறைந்திருக்கலாம்; இதய மாத்திரையான டிகாக்சினும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடர வேண்டாம்.

எடை குறைக்கும் 'மூலிகை டீ' என்று நம் பெண்பிள்ளைகள் வாங்கும் சில பொட்டலங்களிலும் இந்த இலைதான் இருக்கிறது. சாப்பாட்டின் சத்தைச் சிறுகுடல் உறிஞ்சி முடித்த பிறகுதான் இது வேலையைத் தொடங்குகிறது. ஆகவே குறைவது கொழுப்பு அல்ல, தண்ணீர். மறுநாள் தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும்.

நோன்புக் காலத்து மலச்சிக்கலுக்கு முதலில் இஃப்தாருக்கும் சஹருக்கும் இடையே தண்ணீரையும் பழம், கீரையையும் கூட்டிப் பாருங்கள். காரணம் தெரியாத வயிற்று வலிக்கு நிலாவாரை கொடுக்கவே கூடாது. குடல்வால் அழற்சியாக இருந்தால் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.