புரதம் 28 சதவீதம்: கெளுத்தித் தீவனச் சாக்கு சொல்லாத கணக்கு

கெளுத்தித் தீவனத்தில் 28 சதவீதப் புரதம் போதுமா, 32 வேண்டுமா என்ற கேள்விக்கு, எரிசக்தியையும் சேர்த்துப் பார்க்காமல் விடை கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் பண்ணைக்குட்டை நிறைந்ததும் குஞ்சு விட நினைக்கும் சூலக்கரை, விருதுநகர் வட்டார விவசாயிகள் அதற்குள் தீவனத்தை முடிவு செய்தாக வேண்டும். சாக்கின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதோ புரத சதவீதம்தான்.

நீந்தவும் செரிக்கவும் உயிர் தரிக்கவும் வேண்டிய எரிசக்தி மாவுச்சத்திலும் கொழுப்பிலும் கிடைத்துவிட்டால், புரதம் சதையாகும். கிடைக்காவிட்டால் மீன் புரதத்தையே எரிக்கும். அதன் நைட்ரஜன் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறும். எரிசக்தி மிஞ்சினாலும் கேடுதான். மீன் சீக்கிரமே இரையெடுப்பை நிறுத்திவிடும். வளரத் தேவையான புரதம் உள்ளே போகாது. வயிற்றில் கொழுப்பு கட்டும்.

அமெரிக்கப் பண்ணைகளின் சேனல் கெளுத்திக்கு, ஒரு கிராம் புரதத்துக்கு 8.5 முதல் 9.5 கிலோகலோரி செரிக்கும் எரிசக்தி என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதன்படி 28 சதவீதப் புரதம் கொண்ட ஒரு கிலோ தீவனத்தில் 2,380 முதல் 2,660 கிலோகலோரி இருக்க வேண்டும். 32 சதவீதம் என்றால் 2,720க்குக் குறையக் கூடாது. எரிசக்தியை ஏற்றாமல் புரதத்தை மட்டும் ஏற்றினால், கூடுதல் புரதம் விலை உயர்ந்த விறகாகிறது.

சிக்கல் எப்படி நுழைகிறது என்பதை ஒரு கலவையில் காணலாம். 42 சதவீதப் புரதமுள்ள கடலைப் புண்ணாக்கு 50 கிலோ, 12 சதவீதமுள்ள பச்சைத் தவிடு 50 கிலோ: கலவையில் புரதம் 27 சதவீதம். பச்சைத் தவிட்டுக்குப் பதில் 15 சதவீதப் புரதமுள்ள எண்ணெய் எடுத்த தவிட்டைப் போட்டால் அது 28.5 ஆகிறது. காகிதத்தில் தீவனம் உயர்ந்துவிட்டது. ஆனால் பச்சைத் தவிட்டில் 14 சதவீதம் எண்ணெய் இருந்திருந்தால், எண்ணெய் எடுத்த தவிட்டில் எஞ்சுவது போக, கலவையிலிருந்து ஏறத்தாழ ஆறரைக் கிலோ எண்ணெய் போய்விட்டது. கிராமுக்கு 9 கிலோகலோரி வீதம் 58,500 கிலோகலோரி இழப்பு. மாவுச்சத்து அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும்.

அந்த 28 என்ற எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. வழக்கமான சோதனையில் ஆய்வுக்கூடம் அளப்பது நைட்ரஜனை, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்கிறது. 46 சதவீத நைட்ரஜன் உள்ள யூரியாவை நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சேர்த்தால், இந்தக் கணக்கில் புரதம் கிட்டத்தட்ட 3 புள்ளி ஏறும். மீனுக்குச் சதை ஏறாது. 2007இல் சீனக் கோதுமைப் புரதத்தில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற ரசாயனம் கலந்து அமெரிக்காவில் நாய், பூனைகள் இறந்ததற்கும் இந்த ஓட்டையே வழிவிட்டது.

எரிசக்தி போதாமல் மீன் புரதத்தை எரிக்கும்போது அம்மோனியாவும் கூடுவதால், தண்ணீர் மாற்ற வழியில்லாத வறண்ட வட்டாரத்தில் அந்தத் தவறு இரட்டைச் செலவு. பாசி பச்சை கட்டிய குட்டையில் பிற்பகலில் காரத்தன்மையும் வெப்பமும் ஏறும்போது, அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும். பங்கேசியஸ் என்ற கெளுத்தி மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் அந்தத் திறன் அம்மோனியாவுக்கு எதிராக உதவாது.

இனிச் சில கேள்விகள். எந்தக் கெளுத்தி? மீன்வளத் துறை அனுமதியுடன் பங்கேசியஸ். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை உண்டு.

குஞ்சுக்கும் அதே தீவனமா? இல்லை, குஞ்சுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், வளர வளரக் குறைக்கலாம்.

கடலைப் புண்ணாக்கு மட்டும் போதுமா? போதாது, லைசின், மெத்தியோனின் குறைவு. பூஞ்சை பிடித்ததில் அஃப்ளாடாக்சின் அபாயமும் உண்டு.

மக்காச்சோளத்தை அப்படியே அரைத்துப் போடலாமா? வேகவைத்தால் மாவுச்சத்து நன்றாகச் செரிக்கும்.

எவ்வளவு போடுவது? மிதவைத் தீவனமாக இருந்தால், மீன் தின்று தீர்ப்பதைக் கண்ணால் பார்த்து.

கடையில் என்ன கேட்பது? கொழுப்பு, நார்ச்சத்து, சாம்பல் சதவீதங்களை. கொழுப்பு குறைந்து மற்ற இரண்டும் கூடியிருந்தால் அது எரிசக்தி குறைந்த தீவனம்.