பாடத்தின் பிழையா, படிப்பவர் பிழையா?

புதிதாக ஒன்றை எழுதியவர் நம்மிடம் வந்து அபிப்பிராயம் கேட்டால், நாம் பெரும்பாலும் சொல்லும் விடை ஒன்றே: “மிக நன்று, தொடர்ந்து எழுதுங்கள்.” கதைக்கும் கவிதைக்கும் இவ்விடை ஒருவாறு பொருந்தலாம். ஒரு தொழிலைக் கற்பிக்கும் பாடத்துக்கு இது சிறிதும் பொருந்தாது. சமையற் குறிப்பின் தரத்தை நாவே அறியும். கணினிப் பாடத்தின் தரத்தை அதன்படி செய்து பார்ப்பவரின் கையே அறியும்.

அண்மையில் இளைஞர் ஒருவர், கணினி பழகாதோருக்கென எளிய பாடங்கள் சிலவற்றைத் தமிழில் எழுதி இணையத்தில் இட்டு, என் கருத்தைக் கேட்டார். வாசித்தேன். நடை தெளிவாயிருந்தது, குறையொன்றும் தென்படவில்லை. எனினும் உடனே மறுமொழி எழுதாது, அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து, தமிழிற் கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பும் பாடத்தை அவர்முன் வைத்தேன். நான் வாய் திறப்பதில்லை என்னும் உறுதியோடு அருகில் அமர்ந்திருந்தேன்.

பாடத்திற் கூறியவாறே பாமினி எழுத்துருவைத் தெரிவுசெய்து, கனடாவிலிருக்கும் மகனுக்கு அரைப் பக்கம் எழுதினார். அதனைப் பிரதிசெய்து மின்னஞ்சலில் ஒட்டியதும் தமிழ் மறைந்தது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே சிதறிக் கிடந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “தம்பி, எனக்கு வயது போட்டுது. இதெல்லாம் எனக்குச் சரிவராது” என்றார்.

பிழை அவருடையதன்று. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு பாமினி. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் எழுதியது தமிழாகத் தோன்றாது. தமிழெழுத்துகளுக்கெனத் தனி எண்களை வழங்கும் யுனிகோட் முறையோ 1991 முதல் உண்டு. அம்முறையில் எழுதியிருந்தால் இவ்விடர் நேர்ந்திராது. பாடம் இதனைக் கூறாது விட்டது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும் நன்னூல், குன்றக் கூறலையே முதலில் வைத்தது. எனக்கு ஏன் அக்குறை புலப்படவில்லை? விடயம் தெரிந்திருந்தமையால், எழுதப்படாத வரியை என் மனமே நிரப்பிக்கொண்டது. அறிந்தவன் நல்ல பரிசோதகன் அல்லன்.

1980களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஜோன் கரோலும் அவருடைய தோழர்களும், புதியவர்கள் சொற்செயலி பழகுவதை அருகிருந்து கவனித்தனர். கற்போர் கைநூலை வரிசையாக வாசிக்கவில்லை. வேலையைச் செய்துபார்க்கும் ஆவலிற் பக்கங்களைத் தாண்டினர். தவறு நேர்ந்தபோது மீளும் வழி தெரியாது திகைத்தனர். ஆகவே, மிகையானவற்றைக் களைந்து, செய்யவேண்டிய வேலையையும் தவறிலிருந்து மீளும் வழியையும் முன்வைக்கும் சுருக்கக் கைநூலை அவர்கள் ஆக்கினர். 1990இல் வெளிவந்த தம் நூலுக்குக் கரோல் இட்ட பெயர் ‘நியூரம்பேர்க் புனல்’. தலையிலே புனலை வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்னும் பழைய ஜேர்மனியக் கற்பனையைச் சுட்டும் பெயர் அது. அறிவு அவ்வாறு இறங்குவதில்லை என்பதே அவர் கண்ட உண்மை.

ஆதலால், பாடம் எழுதியவருக்குக் கருத்துக் கூறுவோர் மூன்று செய்திகளைக் குறித்தாற் போதும்: படிப்பவர் எந்த வரியில் நின்றார்; அப்பொழுது என்ன செய்தார்; திரையில் எதைக் கண்டார். பெறுபவருக்கும் ஒரு பண்பு வேண்டும். கணினி நிரலாக்கம் பற்றிப் பெருநூல் எழுதிய டொனால்ட் கனூத், தம் நூல்களில் ஒரு பிழையை முதலிற் கண்டு சொல்பவருக்கு 2.56 டொலர் பரிசு என்று அறிவித்தவர். குற்றங் காண்பவரைப் பகைவராக அன்றி உதவியாளராகக் கருதும் மனம் அது.

அம்மூன்று செய்திகளையும் இளைஞருக்கு எழுதினேன். அவர் வருந்தவில்லை, பாடத்தைத் திருத்தி யுனிகோட் முறையைச் சேர்த்தார். ஆசிரியரை மீண்டும் இருத்துவதே கடினமாயிற்று. “பிழை உங்களுடையதன்று, பாடத்தினுடையது” என்று பலமுறை சொன்ன பின்னரே இசைந்தார். அன்று கடிதம் தமிழாகவே போய்ச் சேர்ந்தது.

“மிக நன்று” என்று எழுதி நான் கடமையை முடித்திருந்தால், அப்பாடத்தை நம்பி அமரும் எத்தனையோ முதியவர்கள் தம்மையே குற்றஞ் சாட்டிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள் அன்றோ?