கம்பெனியைக் காப்பாற்றிய கரன்ட் கட்! ஆபீஸ் லாகினுக்குப் பின்னால் இருக்கும் 'ஆக்டிவ் டைரக்டரி' என்றால் என்ன? அதன் ஆரோக்கியத்தை எப்படிப் பார்ப்பது?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி மெப்ஸ் வளாகத்துக்குள் போகிறவர்களும் சரி, கம்பெனி பஸ்ஸில் சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் போகிறவர்களும் சரி, சீட்டில் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். யூசர் நேம், பாஸ்வேர்டு. அடுத்த சில நொடிகளில் கம்ப்யூட்டர் திறக்கிறது. 'இவர் நம்ம ஆள்தான், உள்ளே விடு' என்று சொன்னது யார்?

பெரும்பாலான கம்பெனிகளில் பதில், ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000 சர்வருடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. யார் ஊழியர், எந்த டீம், எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், எந்த பிரிண்டரைப் பயன்படுத்தலாம் என எல்லாம் எழுதி வைத்திருக்கும் பதிவேடு இது. கூடவே கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியும் இதுதான். இந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வரை டொமைன் கண்ட்ரோலர் என்பார்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று, ஒரே பதிவேட்டின் பிரதியைப் பல சர்வர்களில் வைப்பார்கள்.

அவ்வளவு பிரதி இருந்தால் பயமில்லையே என்று தோன்றும். உலகின் மிகப்பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மெர்ஸ்க்கும் அப்படித்தான் இருந்தது.

150 பிரதியும் போச்சு!

2017 ஜூன் 27. 'நாட்பெட்யா' என்ற வைரஸ் உக்ரைனில் கிளம்பி மெர்ஸ்க்கின் நெட்வொர்க்குக்குள் புகுந்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய டெர்மினல்கூட முடங்கியது. உலகம் முழுக்க இருந்த சுமார் 150 டொமைன் கண்ட்ரோலர்களும் ஒரே அடியில் காலி. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று வைத்திருந்தார்களே தவிர, எல்லாமே ஒன்றாக விழும் என்று யாரும் யோசிக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது ஒன்றே ஒன்று, ஆப்பிரிக்காவின் கானாவில். வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை! அதனால் அந்த சர்வர் மட்டும் தப்பியது. அங்கிருந்து இணையம் வழியாக அனுப்ப வேகம் போதவில்லை. கானா ஊழியருக்கு பிரிட்டன் விசா இல்லை. நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கே வந்த இன்னொரு ஊழியரின் கையில் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்து, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் 10 நாளில் மறுபடி நிறுவியதாக அதன் தலைவர் பிறகு சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

அப்போ என்ன பார்க்கணும்?

முதலில், பிரதிகள் ஒன்றோடு ஒன்று பேசுகின்றனவா என்று. ஒரு சர்வரில் செய்த மாற்றம் மற்றவற்றுக்குப் போவதை ரெப்ளிகேஷன் என்பார்கள். ஒரே ஆபீசுக்குள் நொடிகளில் நடந்துவிடும். வெளியூர் கிளைக்கு, அமைப்பை மாற்றாவிட்டால், 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்குத் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுந்தால் அதுவும் நின்றுவிடும். நேற்று வேலையை விட்டவரின் கணக்கை இங்கே முடக்கியிருப்பீர்கள். கோயம்புத்தூர் கிளை சர்வரில் அது இன்னும் உயிரோடு இருக்கும்! இதைக் கண்டுபிடிக்க விண்டோஸ் சர்வரிலேயே 'ரெப்அட்மின்', 'டிசிடயாக்' என்ற கருவிகள் உண்டு. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். தினமும் காலையில் ஓட்டிப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கிளை சர்வர் ஒன்று 180 நாளுக்கு மேல் தொடர்பே இல்லாமல் கிடந்தால்? அதைத் திரும்ப இணைக்கக் கூடாது. நீக்கப்பட்ட கணக்குகளின் அடையாளத்தை டைரக்டரி பொதுவாக அவ்வளவு நாள்தான் வைத்திருக்கும். அதற்குப் பிறகு வருகிற பழைய சர்வர், செத்துப்போன கணக்குகளையும் கையோடு கூட்டிவரும்.

அடுத்தது கடிகாரம். சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.

ஆபத்து அதிகம் இருப்பது என்னவோ ஆட்களிடம்தான். அட்மின் குழுவில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் இன்னும் கம்பெனியில் இருக்கிறார்கள், பல மாதமாக யாரும் தொடாத கணக்குகள் எத்தனை. ஐடி வட்டாரத்தில் ஆட்கள் மாறுகிற வேகத்துக்கு இந்தக் கணக்கெடுப்பை மாதம் ஒருமுறை செய்தாலும் தப்பில்லை.

'எங்களுடையது கிளவுடில் இருக்கே?'

நல்ல கேள்வி. ஆனால் பல கம்பெனிகளில் உள்ளூர் டைரக்டரியில் இருந்துதான் கிளவுடுக்குக் கணக்குகள் போகின்றன. இங்கே அழுக்கு இருந்தால் அங்கேயும் அதேதான்.

பேக்கப் விஷயத்துக்கு வருவோம். நெட்வொர்க்கோடு ஒட்டாமல் தனியாக ஒரு பிரதி வேண்டும். அந்த 180 நாள் கணக்கு இதற்கும் பொருந்தும், பழைய பேக்கப் உதவாது. அதைத் தனி இடத்தில் மீட்டுப் பார்த்தும் இருக்க வேண்டும். மீட்கும்போது ஒரு தனி பாஸ்வேர்டு கேட்கும். அந்த சர்வரை டொமைன் கண்ட்ரோலராக மாற்றிய அன்றைக்கு யாரோ போட்டது. போட்டவர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அது யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே உங்கள் ஐடி டீமிடம் கேட்டுப் பாருங்கள்.